தும்பி இறங்கிய இடம்

என் பரிசலில் ஏறுகிறவர்கள் பேசுவதெல்லாம் என் காதில் விழத்தான் செய்யும். நான் வாய் திறப்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அர்த்தநாரிக்கு ஐம்பத்தெட்டு வயது. திருச்செங்கோட்டில் இரும்புக்கடை வைத்திருந்துவிட்டு எங்கள் காவேரிக்கரை ஊருக்குக் குடிவந்தவர். அவருடைய குரு பூரணிக்கு முப்பத்தொன்று. எங்கள் ஊர் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர். வாரம் முழுக்க மாட்டுக்கு ஊசி போடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ரோன் பறக்கவிட்டு ஆற்றையும் மேகத்தையும் படம் எடுப்பார். அதைப் பார்த்து ஆசைப்பட்ட அர்த்தநாரி, உள்ளங்கை அளவுக்கு ட்ரோன் ஒன்று வாங்கினார். தும்பி என்று அதற்குப் பேர் வைத்தார். நேராகப் போய்ப் பூரணியிடம் பாடம் கேட்டார்.

மூன்று மாதமாக இரண்டு பேருக்கும் பரிசல் ஓட்டுவது நான்தான்.

உள்ளதைச் சொன்னால், மனிதருக்குக் கை வந்துவிட்டது. தென்னைகளின் நிழல் ஆற்றுத் திட்டில் நீளமாகக் கிடக்க, அதன் நடுவே ஒற்றைக் கொக்கு நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்தார். நான் முப்பது வருஷமாகப் பார்க்கிற திட்டு அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒரே ஒரு குறை. எந்தப் படம் எடுத்தாலும் ஓரத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் வந்துவிடும்.

"ஏனுங்கய்யா, மேகத்த எடுக்கச் சொன்னா பஸ் ஸ்டாப்ப எடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்று பூரணி கேட்டார்.

"அது தானா விழுந்துருச்சுங்க அம்மிணி."

"பன்னெண்டு படத்துலயுமா?"

அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் மழை விட்டு, வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பரிசல் நடு ஆற்றுக்கு வந்ததும் அர்த்தநாரி தும்பியை எடுத்தார்.

"இங்கயிருந்தே வுடறேன். ரெண்டு கரையும் சமமா வரும்."

"கரையில இருந்து வுட்டா நல்லதுங்க" என்றார் பூரணி.

"எப்பப் பாத்தாலும் கரையேதானா?"

"சரிங்க, உங்க இஷ்டம்." பூரணி என் பக்கம் திரும்பினார். "மாரப்பண்ணா, துடுப்ப எடுத்து உள்ள வெச்சிருங்க."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

தும்பி அவர் கையிலிருந்து எழும்பி மேலே போனது. அதை ஓட்டுகிற கைக்கருவியின் திரையில் ஆறு தெரிந்தது. ஆற்றுக்குள் மேகம் தெரிந்தது. அர்த்தநாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் குழைந்துவிட்டது.

"என்ர புள்ள மேகலை இதப் பாத்தான்னா குதிப்பா."

மேகலை அவருக்கு ஒரே மகள். தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு நாலு வருஷத்துக்கு முன்னால் ஓசூருக்குப் போனவள். அவள் பேரை அவர் வாயால் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"வரச் சொல்லிக் காட்டலாமில்லீங்க?" என்றார் பூரணி.

"எங்க வர்றா. பெத்தவங்க இருக்காங்களா செத்தாங்களான்னு ஒரு எட்டு வந்து பாக்கோணும்னு தோணுச்சா பாருங்க. அவங்கம்மா ஞாயித்துக்கெழமையானா வாசல்லயே நிக்கறா. பஸ்ஸு சத்தம் கேட்டாப் போதும், எட்டி எட்டிப் பாக்கறா. எனக்குப் பாக்கவே பொறுக்கல."

"எந்த வாசல்லங்கய்யா?"

"இதென்ன கேள்வி. நம்மூட்டு வாசல்லதான்."

"திருச்செங்கோட்டு வீடுங்களா?"

"அத வித்துப்போட்டுத்தானே இங்க வந்தோம். அவ போனதுக்கப்புறம் அந்தத் தெருவுல தல நிமுந்து நடக்க முடியல." அவர் குரல் இறங்கியது. "போன் நம்பரையும் மாத்திப்போட்டேன். ஊடு வாங்குனவங்ககிட்ட, யாரு வந்து கேட்டாலும் எங்க வெலாசத்தச் சொல்லாதீங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன். அன்னிக்கு எனக்கு அப்பிடி ஒரு கோவம்."

பூரணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசல் மெல்லச் சுற்றிக்கொண்டே கீழே போனது. துடுப்பு உள்ளே கிடந்தால் ஆறு சும்மா விடுமா? பேச்சு சுவாரஸ்யத்தில் அர்த்தநாரி அதைக் கவனிக்கவில்லை.

கைக்கருவி கீச் கீச்சென்று கத்தியது. தும்பிக்கு பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். அந்த மாதிரி நேரத்தில் அது தானாகவே திரும்பி வந்துவிடும் என்று அவரே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரத்தான் செய்தது. ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை. எங்களைத் தாண்டி, ஆற்றின் போக்குக்கு எதிரே, ஆளில்லாத தண்ணீருக்கு நேர் மேலே போய் நின்றது. அங்கேயே இறங்க ஆரம்பித்தது.

"அங்க எங்க போகுது அது? நான் இங்கல்ல இருக்கறேன்."

அவர் துண்டை எடுத்து வீசினார். அது துண்டுக்கெல்லாம் மசியுமா? பனைமர உயரத்திலிருந்து தென்னை உயரத்துக்கு வந்தது. இன்னும் இறங்கியது. அர்த்தநாரி கைக்கருவியைப் பூரணியிடம் நீட்டினார்.

"அம்மிணி, தண்ணிக்குள்ள போயிருமுங்க."

பூரணி கைக்கருவியை வாங்கினார். திரையில் இரண்டு இடத்தில் தொட்டார். அவ்வளவுதான் செய்தார்.

தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தும்பி நின்றது. அப்புறம் எழும்பி, திரும்பி, எங்களை நோக்கி நேராக வந்தது. அர்த்தநாரி இரண்டு கையையும் ஏந்தினார். அதில் வந்து உட்கார்ந்தது. நனைந்த கோழிக்குஞ்சை எடுப்பதுபோல் அவர் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கெட்டுப்போச்சுங்களா அம்மிணி? எதுக்கு அங்க போச்சு?"

"கெடலீங்க. அது உங்ககிட்டத்தான் வந்துச்சு. கெளம்புன எடத்துலயே நீங்க இருப்பீங்கன்னு அங்க போச்சு. நீங்கதான் அங்க இல்ல."

"பொறவு நீங்க என்ன பண்ணுனீங்க?"

"நாம எடம் மாறிட்டோம்னு அதுக்குச் சொன்னேனுங்க."

நான் துடுப்பை எடுத்தேன். அர்த்தநாரி மடியில் தும்பியை வைத்துக்கொண்டு, அது இறங்கப் பார்த்த தண்ணீரையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

பரிசல் கரை தட்டியது. அவர் இறங்கவில்லை. போனை எடுத்தார். எதையும் பார்க்காமல் ஒரு நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். நாலு வருஷமாகக் கூப்பிடாத மகளின் நம்பர், விரலுக்கு மறக்கவில்லை.

நாலைந்து தடவை மணி அடித்தது. பிறகு, "ஹலோ, யாருங்க பேசறது?" என்று ஒரு பெண் குரல். அதற்குப் பின்னால் ஒரு குழந்தை ஏதோ மழலையில் கத்திக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு குழந்தை இருப்பதே அவருக்குத் தெரியாது. போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பூரணியைப் பார்த்தார்.

"என்னங்க அம்மிணி சொல்றது நான்?"

"எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்கய்யா."