ஹைண்ட்கேட் ஆட்டத்தின் நடுப்பாதை

அந்தக் காலத்தில், மான்களும் மனிதர்களும் ஒரே மொழி பேசிவந்த நாளில், இங்கிலாந்தின் சதுப்புநிலம் ஒன்றின் அருகே ஆஸ்பெர்ட் என்ற பிரபு இருந்தார். காட்டுக்கும் மேட்டு நிலத்துக்கும் நடுவே அவர் ஒரு பெரிய கல்மாளிகை கட்டினார். வேலை முடிந்த அன்றே ஒரு கிழப் பெண்மான் வாசலில் வந்து நின்றது.

“பிரபுவே, வெள்ளம் வந்தால் நாங்கள் மேட்டுக்கு ஏறும் வழி இதுதான். இரண்டு பக்கமும் புதைசேறு. எங்கள் குட்டிகள் இனி எப்படிப் போகும்?”

“கட்டியாகிவிட்டது. உங்களுக்காக இடிக்க முடியுமா?” என்றார் பிரபு. “வீட்டுக்குள் கால் வைத்தால் அம்பு விடுவேன்.”

மான் திரும்பிப் போனது. பிரபுவின் மகள் எடித் மாடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இலையுதிர் காலத்தில் எடித்துக்கும் ஹியூ என்பவனுக்கும் கல்யாணம். பகல் விருந்து முடிந்து, கூடத்தில் எல்லோரும் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்போது வட்ட ஆட்டம் மட்டும்தான் உண்டு. வெளியே மூன்று நாளாக விடாத மழை. திடீரென்று ஆற்றின் கரை உடைந்தது. கொஞ்ச நேரத்தில் கதவில் ஏதோ வந்து முட்டியது.

எடித் ஜன்னல் வழியே பார்த்தாள். நூற்றுக்கணக்கான மான்கள், வயிறு நனையும் தண்ணீரில் நின்றன. மூழ்கப்போன குட்டிகளைத் தாய்கள் முகத்தால் தூக்கிப் பிடித்திருந்தன.

“அப்பா, கதவைத் திறக்கச் சொல்லுங்கள்!”

“இத்தனை கொம்பும் குளம்பும் உள்ளே பாய்ந்தால் இங்கிருக்கும் பிள்ளைகள் மிதிபட்டுச் சாவார்கள். தள்ளிப் போ.” பிரபு வில்லில் நாணேற்றினார்.

எடித்துக்கும் பயம்தான். ஆனாலும் ஓடிப்போய்க் கதவின் தாழ்க்கட்டையைத் தூக்கி எறிந்தாள். “ஹியூ, பின்கதவு!” என்று கத்தினாள். அவன் ஓடிப்போய் மேட்டுப் பக்கம் இருந்த அந்தக் கதவைத் திறந்தான். எடித் கைகளை விரித்துக்கொண்டு அப்பாவின் அம்புக்கு எதிரே நின்றாள்.

விருந்தினர்கள் பதறிப்போய் இரண்டு சுவரோரமும் வரிசையாக ஒண்டினார்கள். நடுவே கூடம் வெறுமையாயிற்று.

மான்கள் பாயவில்லை. கொம்புகள் யார்மேலும் படாதபடி தலையைத் தாழ்த்தி, இரண்டிரண்டாக நடந்து வந்தன. கல்தரையில் குளம்புகள் ஒரே தாளமாக ஒலித்தன. ஈர மூச்சின் ஆவி கூரைவரை எழுந்தது. அழுத குழந்தைகள்கூட வாய்பிளந்து பார்த்தன. மத்தளக்காரனின் விரல்கள் அவன் அறியாமலே அந்தத் தாளத்தைத் தட்டத் தொடங்கின. கடைசிக் குட்டியும் மேட்டில் ஏறும்வரை தட்டிக்கொண்டே இருந்தான்.

எல்லாவற்றுக்கும் பின்னால் வந்த கிழமான் பிரபுவின் முன் நின்றது.

“உங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். யாருக்காவது ஒரு கீறல் இருக்கிறதா?”

பிரபு பார்த்தார். வில் கையிலிருந்து நழுவியது. அவர் தொப்பியைக் கழற்றி, வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொரு உயிருக்குத் தலைவணங்கினார்.

பெண்மான் வாசல் என்ற பொருளில் மக்கள் அந்த மாளிகையை ஹைண்ட்கேட் என்று அழைத்தார்கள். அங்கே பிறந்த ஆட்டத்துக்கும் அதே பெயர். அதை ஆடுபவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பதும், நடுவில் அகலமாக வழி விடுவதும், அந்த வழியில் முதல் ஜோடி தலைதாழ்த்தி மெல்ல நடந்து வருவதும் அந்த மழைநாளில் தொடங்கியதுதான்.