நான்கு நிமிடம் நின்ற செய்தி

கதையை நான் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். பாதியிலேயே யாரையாவது திட்டத் தொடங்கிவிடாதீர்கள். திட்ட வேண்டிய ஆட்கள் இதில் நிறைய இருக்கிறார்கள்.

கொரோனாக் காலத்து மார்கழி. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் அறுபது லைன் வீடுகள். பனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்தது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அரிசி இல்லை, கபசுரக் குடிநீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் தோட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரும். அதை நடத்தியவர் தேவசகாயம், கொழுந்து எடை போடுகிறவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். தோட்டத்துக்குப் பொதுவாக ஒரு ஆக்சிஜன் மிஷினும் இருந்தது. யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவர் வீட்டுக்கு அது போகும்.

அந்த மக்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. சாவு விழுந்தால் அன்று முழுக்க வேறு பேச்சே கூடாது. சாவு வீட்டிலிருந்து பிணம் போகும்வரை ஒரு துரும்புகூட வெளியே வரக்கூடாது. நோய் வந்த பிறகு இரண்டும் தளரும் என்று நினைப்பீர்கள். இல்லை, குழுவுக்கும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன. இரங்கல் செய்தி வந்துவிட்டால் அன்றைக்கு வேறு பதிவு கூடாது.

அப்போது மிஷின் பெரியநாயகத்தின் வீட்டில் இருந்தது. நாற்பது வருடம் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்தவர், தனி ஆள். தொற்று வந்த வீடு என்று வாசலில் தகரம் அடித்திருந்ததால் யாரும் உள்ளே போக முடியாது. முந்தின நாள் மாலை அவரே தேவசகாயத்தைக் கூப்பிட்டு, "ஆக்சிஜன் தொண்ணூத்தாறு காட்டுது தம்பி, நல்லாயிட்டேன்" என்று சொல்லியிருந்தார். ஆனால் நேற்றுப் பேசியவர் இன்று இல்லை என்பது அந்த மார்கழியில் சாதாரணம்.

காலை எட்டு மணிக்குப் பால் ஊற்றும் வீரபத்திரன் அந்தப் பக்கம் போனான். நேற்று இருட்டும்போது வைத்த பால் அப்படியே இருந்தது. கூப்பிட்டான், பதில் இல்லை. உள்ளே ஒப்பாரிச் சத்தம். அது டிவி சீரியல் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. தனி ஆள் வீட்டில் யார் ஒப்பாரி வைப்பார் என்றும் யோசிக்கவில்லை. "தலைவர் நம்மை விட்டுப் போய்விட்டார்" என்று குழுவில் போட்டுவிட்டு, தகரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இரங்கல்கள் கொட்டத் தொடங்கின. பூப்படம், விளக்குப் படம், கண்ணீர்ப் படம். அந்த வெள்ளத்துக்கு நடுவே, தலைவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த தவமணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"தேவசகாயம் அண்ணே, இவருக்கு மூச்சு வாங்குது. உதடு நீலமா இருக்கு. மலைப்பாதையில பனிமூட்டமாம், 108 வர ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்றாங்க. மிஷின் வேணும்."

தேவசகாயம் உடனே பதில் போட்டார். "தங்கச்சி, இன்னிக்குத் துக்கம். வேற பதிவு போடாத. சாவு வீட்டுல இருந்து மிஷினை எப்படி எடுக்கச் சொல்ற?"

தவமணி தன் செய்தியை அழித்தாள். அது நின்றது மொத்தம் நான்கு நிமிடம். அதோடு விட்டாளா? "மன்னிக்கவும். தலைவருக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று வேறு எழுதினாள். அவள் புருஷன் அடைக்கலம் பத்து மணிக்குச் செத்துப்போனான். பையில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. தவமணியின் வாசலிலும் தகரம் அடித்தார்கள். போன் அடித்தாலும் அவள் எடுக்கவில்லை. தேவசகாயமும் வெட்கத்தில் அந்தச் செய்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பூப்படங்களில் மூழ்கியிருந்த மற்றவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

மாலை ஐந்து மணிக்கு, இரங்கல்கள் ஓய்ந்த பிறகு, தலைவரை எடுக்கச் சொல்லியிருந்த வண்டி வருவதற்குள், பெரியநாயகம் ஜன்னலைத் திறந்து, "நான் உசுரோடதான்யா இருக்கேன்!" என்று சத்தம் போட்டார்.

தகரம் பிரித்த மறுநாள் எல்லோரும் முகக்கவசத்தோடு கூடினார்கள். "மூச்சு வாங்குதுன்னு மிஷின் கேட்டேன்" என்பதற்கு மேல் தவமணியால் பேச முடியவில்லை.

வீரபத்திரன் சொன்னான்: "காதுல விழுந்ததைச் சொன்னேன். நான் முட்டாள்தான், கொலைகாரன் இல்ல."

தேவசகாயம் சொன்னார்: "நீங்க எல்லாரும் சேந்து வச்ச வழக்கம். எனக்கு மட்டும் மீற அதிகாரம் உண்டா?"

பெரியநாயகம் சொன்னார்: "மாத்திரையைப் போட்டுட்டு அசந்து தூங்கிட்டேன், டிவி பாட்டுக்கு ஓடிச்சு. சாயங்காலம்தான் போனையே தொட்டேன். தெரிஞ்சிருந்தா நானே தகரத்தைத் தாண்டித் தூக்கிட்டு வந்திருப்பேனே! அதுவும் போக, உதடு நீலமானவனுக்கு அந்த மிஷின் என்னம்மா பண்ணும்? அவன் விதி."

மூன்று பேருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் காப்பாற்ற முடியும் என்று தெரிந்தே அடைக்கலத்தைச் சாகவிட்டவர் இவர்களில் யார்? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: பெரியநாயகம். நீல உதடு அந்த நான்கு நிமிடச் செய்தியில் மட்டுமே இருந்தது. மாலையில் போனைத் தொட்டவர் அதைப் படித்திருக்கவே முடியாது. காலையிலேயே விழித்துக்கொண்டு, தன் சாவுக்கு வந்த புகழ்ச்சியை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அது கண்ணில் பட்டிருக்கும். மற்ற இருவரும் அவர் செத்துவிட்டதாகவும், சாவு வீட்டு மிஷினைத் தொடக்கூடாது என்றும் நம்பினார்கள். அந்தச் சாவு பொய் என்று அறிந்தவர் அவர் ஒருவரே. தனக்கு இனி தேவையில்லாத மிஷினும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் புகழ்ச்சி நின்றிருக்கும். அதற்கு மனசு வரவில்லை.

கூட்டத்தில் இதை ஒருவரும் கவனிக்கவில்லை. செத்துப் பிழைத்தவர் என்று அவருக்கு மாலை போட்டார்கள். இனிமேல் ஆபத்து என்றால் குழுவில் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் வந்து கேட்க வேண்டும் என்று அவர் தலைமையில் தீர்மானம் போட்டார்கள். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது தவமணியும் தூக்கினாள்.