அடுப்படியில் தூங்கிய சுவர்க்கோழி

பூச்சி புழுவுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அயர்லாந்துச் சுவர்க்கோழி புல்வெளியில்தான் குடியிருந்தது. மனிதர்களுக்கு வைக்கோல் கூரை போட்ட கல் வீடு, அதில் ஒரே ஓர் அடுப்பு. விறகுக்குப் பதில், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியை எரிப்பார்கள். தீப்பெட்டி ஏது? அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டில்தான் கங்கு கேட்க வேண்டும்.

கடலுக்குப் போன மீனவன் மனைவி சோர்க்கா, காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். மே மாதம் நமக்குத்தான் வெயில். அங்கே ஆலங்கட்டி மழை.

"அம்மா, விறைத்துப்போகிறேன். அடுப்போரம் கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்றது சுவர்க்கோழி.

"வா. ஆனால் நான் கண்ணை மூடிப் பல நாளாகிறது. கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன். கங்கு மங்கினால் கூப்பிடு."

"கட்டாயம் கூப்பிடுகிறேன்."

பொய் சொல்லவில்லை, பாவம். பிறந்ததிலிருந்து சூட்டையே அறியாத உடம்பு. அசந்து தூங்கிவிட்டது.

சோர்க்கா விழித்தபோது சாம்பல் சில்லிட்டிருந்தது. அடுத்த வீட்டு நூலாவிடம் ஓடினாள்.

"நூலா, ஒரே ஒரு கங்கு கொடு. பிள்ளை நடுங்குகிறான்."

நூலா கதவை முழுதாகத் திறக்கவில்லை. "இன்று மே முதல் நாள் சோர்க்கா. நெருப்பு வாசலைத் தாண்டினால் வீட்டு அதிர்ஷ்டமும் மாட்டுப் பாலும் கூடவே போய்விடும். எனக்கு இருப்பது ஒரே பசு. நாளைக்கு வா, சட்டி நிறையத் தருகிறேன்."

சோர்க்கா சண்டை போடாமல் திரும்பி நடந்தாள். போன வருடம் இதே நாளில் வேறொருத்தியை அவளும் இப்படித்தான் திருப்பி அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்து பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது சாயும்போது பிள்ளை நடுங்குவதை நிறுத்திவிட்டான்.

நூலாவின் பசு அன்று வாளி நிறையப் பால் கறந்தது.

மறுநாள் நூலா அழுதுகொண்டே சட்டியில் நெருப்போடு வந்தாள். சோர்க்கா வாங்கி அடுப்பில் கொட்டினாள்.

"என்னை மிதித்துக் கொன்றுவிடுங்கள் அம்மா" என்றது சுவர்க்கோழி.

"கொன்றால் நீ நிம்மதியாகத் தூங்கிவிடுவாய். இங்கேயே இரு. இனித் தூங்காதே."

அது அடுப்புக்கல் இடுக்கில் போய் ஒடுங்கியது. பேச்சு போயிற்று. கூப்பிடும் குரல் மட்டும் மிஞ்சியது.

அன்று முதல்தான் சுவர்க்கோழி அடுப்பை விட்டு நகராமல் விடிய விடியக் கத்துகிறது. அது இருந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லி யாரும் விரட்டுவதில்லை. அதுவோ இன்னும் சோர்க்காவைத்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறது.