இடது ஹெட்லைட்டின் கறுப்பு

"பாராட்டாட்டிப் போகுதுங்க அம்மிணி. என்ன குறைன்னாவது சொல்லுங்க" என்றார் குழந்தைவேலு.

மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பீளமேட்டில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் செண்பகவல்லியிடம் தொழில் கற்க வந்திருந்தார். மகள் வயசுதான் அவளுக்கு. ஆனாலும் ஊரெல்லாம் 'எங்க குரு' என்றே சொல்லித் திரிந்தார்.

மேஜையில் இரண்டு இரும்புக் கிண்ணங்கள். அவர் அப்பாவின் காரில் ஹெட்லைட் உட்காரும் கிண்ணங்கள். வலது கிண்ணத்தில் கம்பெனி அடித்த கறுப்பு அப்படியே இருந்தது. மங்கல்தான், விளிம்பில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. இடதை மனுசன் சுரண்டித் தேய்த்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்.

"கம்பெனியில இப்படியா அடிச்சாங்க?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய கார் கண்காட்சியில் கம்பெனி பெயிண்ட் அழியாத காருக்குத்தான் கோப்பை. அதை அப்பா பெயரில் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாரே! நீங்கள் அடித்தால் அசல் மாதிரியே இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சினார்.

அவள் இடதைச் சுரண்டி, மங்கலாகக் கறுப்படித்தாள். அந்தச் சொட்டைக்கூட வழியவிட்டாள்.

காய்ந்ததும் இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்தாள்.

"இதுல கம்பெனி அடிச்சது எதுங்க?"

குழந்தைவேலு திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வயசிலிருந்து துடைத்த கார். தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

செண்பகவல்லி ஒன்றைக் கவிழ்த்தாள். அடியில், ஈரப் பெயிண்டில் அவள் அழுத்தி வைத்த கட்டைவிரல் ரேகை.

"இது நான் அடிச்சது. அடுத்தவன் பேர்ல அனுப்பற அளவுக்கு என் வேலை மட்டமில்லீங்க."

கண்காட்சியில் நடுவர் விளக்கைக் கழற்றச் சொல்லி, இரண்டு கிண்ணத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டும் அசல் கம்பெனி பெயிண்ட், இந்த மாதிரி பார்த்ததே இல்லை என்று சொல்லிக் கோப்பைக்குப் பெயர் எழுதப் பேனாவைத் திறந்தார்.

குழந்தைவேலு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வலதுதாங்க கம்பெனி. இடது எங்க குரு அடிச்சது."