கூட்டம் எங்கே போனது?

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஓடைக்கரையில் ஒரு மருத்துவமனை இருந்தது, குழந்தைகளே. எலும்பு முறிந்தவர்களுக்குக் கரடி கட்டுப் போடும். விஷக்கடிக்குக் கீரி மருந்து கொடுக்கும். கரடிக்குக் கோபம் சட்டென்று வரும்; கீரிக்கு யோசனை சட்டென்று வரும்.

நாளாக நாளாகக் கூட்டம் பெருகியது. காத்திருந்து அலுத்தவர்கள் சிங்க ராஜாவிடம் முறையிட்டார்கள். ராஜா மந்திரி மயிலைக் கூப்பிட்டு, "இதைச் சீர்செய்" என்றது.

மயிலுக்கு எதுவும் பார்க்க அழகாக இருந்தால் போதும். வைத்தியர்களை ஒரு வார்த்தை கேட்காமல், "இனி எலும்பு வைத்தியம் ஓடைக்கரையில், விஷ வைத்தியம் மலை உச்சியில்" என்று உத்தரவு போட்டது.

"ஒரே ஆளுக்கு இரண்டும் தேவைப்பட்டால்?" என்று கேட்டது கரடி.

"புதிதாக எது வந்தாலும் உங்களுக்குக் கசக்கும்!" என்று தோகையைச் சிலிர்த்தது மயில்.

ஓடைக்கரையில் கூட்டம் குறைந்தது. மயிலுக்கு ஒரே பெருமை.

ஒருநாள் காலை, ஒரு மான்குட்டி நொண்டிக்கொண்டு வந்தது. கூடவே அதன் தாய். கால் முறிந்திருந்தது. கட்டுப் போடக் குனிந்த கரடி திடுக்கிட்டது. முறிவுக்குக் கீழே பாம்பின் பல் பதிந்த தடம்!

கரடி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "கீரி! கீரி!" என்று கத்தியபடியே மலையேறி ஓடியது. சத்தம் கேட்ட கீரி பச்சிலையை வாயில் கவ்வி இறங்கி ஓடிவந்தது. பாதி வழியில், பாதையிலேயே வைத்தியம் நடந்தது. மயங்கிக் கிடந்த குட்டி மெல்லக் கண் திறந்தது. பின்னாலேயே ஓடிவந்த தாய்மானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மயில் பறந்து வந்தது. "யாரைக் கேட்டு இடத்தை விட்டு வந்தாய்?"

"எனக்கு இந்த வேலையே வேண்டாம்!" என்று உறுமியது கரடி.

"பொறு அண்ணா" என்ற கீரி, மயிலிடம் பணிவாகச் சொன்னது: "மந்திரியாரே, கூட்டம் குறைந்ததை ராஜா வந்து பார்க்க வேண்டாமா? ஓடையிலிருந்து உச்சிவரை நடத்தியே கூட்டி வாருங்கள்."

மயிலுக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாளே ராஜாவை அழைத்து வந்தது.

ஓடைக்கரையில் கூட்டமில்லை. ராஜா மகிழ்ந்தது. ஆனால் மலைப்பாதையில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. வழி நெடுக நோயாளிகள்! காலில் கட்டோடு ஒரு காட்டுப்பன்றி மூச்சிரைக்கப் படுத்திருந்தது.

"இங்கே ஏன் கிடக்கிறாய்?" என்றது ராஜா.

"கட்டுப் போட்டாச்சு ராஜா. தேள் கொட்டினதுக்கு மேலே போகணுமாம். ஏற முடியலை."

ராஜா மயிலைத் திரும்பிப் பார்த்தது. மயில் தோகையை மடக்கிக்கொண்டது.

"நீங்கள் சொல்லுங்கள், என்ன செய்யலாம்?" என்று வைத்தியர்களைக் கேட்டது ராஜா.

"எங்களை ஒரே இடத்தில் இருக்க விடுங்கள். உதவிக்கு இன்னும் சிலரைக் கொடுங்கள்" என்றது கரடி. "ஆபத்தில் இருப்பவரை முதலில் பார்க்கிறோம்" என்றது கீரி.

அப்படியே ஆனது. கூட்டம் வந்தது, வந்த வேகத்தில் குணமாகிப் போனது. கரடி ஓடைத் தண்ணீரில் முகம் கழுவி, வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது.

நீதி: ஒரு வேலையைத் திருத்த நினைப்பவர், அதைச் செய்பவர்களை முதலில் கேட்க வேண்டும்.