நான்கு வரிகளை நீக்கியவர்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பத்துமூன்று.

பொற்கொடி அந்த மருத்துவமனையின் கணினி அறையில் சேர்ந்த முதல் வாரம், இருதயராஜ் அவளைக் கேலியாகத்தான் குருவே என்று கூப்பிட்டார். மூன்றாம் வாரம் கேலி உதிர்ந்துபோனது, கூப்பிடுவது மட்டும் மிஞ்சியது. அவள் அவரை அண்ணே என்றாள்.

அன்று காலை பத்து மணிக்கு டயாலிசிஸ் முன்பதிவு திறக்க வேண்டும். முந்தின நாள்தான் மென்பொருளைக் கிளஸ்டர் என்கிற புதிய கணினித் தொகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே அந்த மென்பொருளின் மூன்று பிரதிகள், கன்டெய்னர்கள், ஓடின. வெளியிலிருந்து வருகிறவர்களை அவற்றிடம் அனுப்பிவைக்க வாசலில் ஓர் இன்கிரஸ் கண்ட்ரோலர். இருதயராஜ் அதை வாசல்காரன் என்பார். ஒன்பது மணியிலிருந்தே வாசல்காரன் வருகிறவர்களுக்கெல்லாம் 503, அதாவது சேவை இப்போது இல்லை, என்று காட்டித் திருப்பிக்கொண்டிருந்தான்.

இருதயராஜ் அவனுடைய விதிகளைத் திருத்திப் பார்த்தார். நிறுத்தி மறுபடி எழுப்பிப் பார்த்தார். ஆபீஸ் ப்யூன் குரலில், "ஐயா சீட்ல இல்ல, நாளைக்கு வாங்க" என்று அவனைப்போலப் பேசிக்கூடக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதரைக்குக் காரணம் அகப்பட்டது. ஒவ்வொரு கன்டெய்னரையும் பத்து நொடிக்கு ஒருமுறை 'தயாரா?' என்று கேட்கும் சோதனை ஒன்று இருந்தது. மூன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தன. அதனால்தான் வாசல்காரன் யாரையும் உள்ளே விடவில்லை. சோதனை மொத்தம் நான்கு வரி. இருதயராஜ் நான்கையும் நீக்கினார். 503 மறைந்து திரை முழுக்கப் பச்சையானது.

"வாசல் திறந்துருச்சு குருவே."

எப்படி என்று பொற்கொடி கேட்டாள். தயாரா தயாரா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தது, வாயை அடைத்துவிட்டேன் என்றார்.

அவள் கோபப்படவில்லை.

"ஒரு பேரைப் பதிவு பண்ணுங்க அண்ணே."

"யார் பேரை?"

"இந்த வாரம் கண்டிப்பா டயாலிசிஸ் பண்ணியே ஆகணும்னு உங்களுக்குத் தெரிஞ்ச பேரை."

 அவர் மனைவியின் பெயரை அடித்தார். ஞானசெல்வம். இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை.

உடனே செய்தி வந்தது: உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது, வியாழன் காலை ஏழு மணி. இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பொற்கொடி, முன்பதிவுகள் போய்ச் சேரும் பதிவேட்டை, பார்க்க மட்டும் முடிகிற தன் கணக்கில் திறந்து வியாழக்கிழமைப் பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு பெயரும் இல்லை. பதிவேட்டில் எழுதுவதற்கான கடவுச்சொல்லை முந்தின மாலை யாரோ மாற்றியிருந்தார்கள். கன்டெய்னர்களிடம் பழையதுதான் இருந்தது, அதனால்தான் 'தயாரா?' என்றதற்கு இல்லை என்றன. கேட்பது நின்றதும் வந்த பெயரை வாங்கிக்கொண்டன, உறுதி என்றன, எழுத இடமில்லாமல் கைவிட்டன.

"வியாழக்கிழமை ஏழு மணிக்கு மதினியக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

இருதயராஜ் அந்தப் பட்டியலில் மனைவியின் பெயரை மறுபடி தேடினார். பிறகு, யாரும் சொல்லாமலே, நான்கு வரிகளையும் இருந்த இடத்தில் திரும்ப எழுதினார். 503 வந்தது.

புதிய கடவுச்சொல்லுக்காகப் பொற்கொடி பதிவேட்டின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். இன்றைக்கே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார் அவர்.

மணி பத்தானது. முன்பதிவு திறக்கவில்லையே என்று கேட்டு அறையின் இரண்டு தொலைபேசிகளும் அடிக்கத் தொடங்கின. இருதயராஜ் ஒன்றின்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.

"எல்லாம் உயிருக்குப் பயந்து கூப்பிடறவங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது குருவே?"

"சொல்லுங்க அண்ணே. இல்லைன்னு தெரிஞ்சாத்தான் வேற ஆஸ்பத்திரிக்குப் போவாங்க."