நனையாமல் படித்த மினுக்கி

மலையில் பெய்த மழை தடையில்லாமல் கடல் வரை ஓடிய காலம் அது. சொல்கிறேன், கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் நன்றாகவே கேளுங்கள்.

ஓர் ஆற்றங்கரையில் சேலி என்றொரு நீர்நாய் இருந்தாள். அவளுக்கு மினுக்கி என்று ஒரே மகள்.

நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போதே நீந்தத் தெரியாது. தண்ணீரைக் கண்டால் அழும். தாய்தான் பிடரியைக் கவ்வி ஆற்றில் போடுவாள். குட்டி தண்ணீர் குடிக்கும், இருமும், கத்தும். பிறகு நீந்தும். அதுதான் அவர்கள் வழக்கம்.

சேலிக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. "நான் பட்டது போதும். எம்புள்ள நனையாமப் படிக்கட்டும்" என்றாள்.

அதற்கென்றே ஒரு கொக்கு வாத்தியார் ஆற்றின் நடுவில் ஒரு பாறை மேல் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். அவர் ஒரு நாளும் நீந்தியதில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. வேறு சில தாய்மாரைப் போலவே சேலியும் தினமும் மகளைக் கால் நனையாமல் வாயில் கவ்விப் பாறையில் கொண்டு போய் விட்டாள்.

"மூச்சை அடக்கு, காலை உதை, வாலை அடி." இதுதான் பாடம். மினுக்கி தூக்கத்திலும் சொன்னாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவ எறங்கட்டுமா?" என்று கேட்டாள்.

"சளி பிடிக்கும்" என்றாள் தாய்.

மறுபடி கேட்டாள். "பாடம் மறந்து போகும்" என்றாள்.

மூன்றாம் முறையும் கேட்டாள். "நாளைக்குப் பரீட்சை. வாயை மூடிக்கிட்டுப் படி" என்றாள்.

பரீட்சையில் மினுக்கிதான் முதல். சேலிக்குக் கால் தரையில் பாவவில்லை. மற்றத் தாய்மார் தங்கள் குட்டிகளை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். சேலி மகளைப் பாறையிலேயே விட்டுவிட்டு, வாத்தியாருக்குக் காணிக்கையாக ஒரு பெரிய வாளை மீன் பிடிக்கப் போனாள்.

அப்போதுதான் மலையிலிருந்து வெள்ளம் வந்தது. கொக்கு எழும்பிப் பறந்து போய்விட்டது. வாளையைப் போட்டுவிட்டுச் சேலி எதிர்நீச்சலில் வந்தாள். அதற்குள் தண்ணீர் குட்டியைப் பாறையிலிருந்து இழுத்துவிட்டது.

"நீந்துடி, என் கண்ணே! நீந்து!"

மினுக்கி அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. தெரிந்ததைச் செய்தாள். "மூச்சை அடக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயில் தண்ணீர் புகுந்தது. காலுக்கும் வாலுக்கும் எதுவும் தெரியவில்லை.

சேலி கவ்விக் கரைக்குக் கொண்டு வந்தபோது மகளின் உடம்பு முதன்முதலாக முழுக்க நனைந்திருந்தது. உயிர் இல்லை.

வெள்ளம் வடிந்தது. கொக்கு வாத்தியார் இன்னும் உயரமான பாறையில் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். "பாடத்தில் ஒரு பிழையும் இல்லையே" என்றார். தாய்மார்களும் ஆமாம் என்றார்கள்.

சேலி வழியை மறித்து நின்று கதறினாள். "உங்க புள்ளைங்கள ஆத்துல போடுங்கடி! அழுதா அழட்டும், போடுங்கடி!"

"பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அவர்கள் குட்டிகளைக் கால் நனையாமல் கவ்விக்கொண்டு பாறைக்குப் போனார்கள். எனக்குச் சேலி மேல்கூட அவ்வளவு கோபமில்லை, பார்த்த பிறகும் போன இவர்கள் மேல்தான் கோபம்.

தான் வாழப்போகிற இடத்தில் இறங்கி, தொட்டு, தடுமாறிக் கற்காத குழந்தைக்கு, வாயால் கற்ற பாடம் ஆபத்தில் கை கொடுக்காது.